உஷார் பாயும் கருவாட்டுப் பையும்

நாட்டில் உள்ள திருடர்கள் எல்லோரும் தன் ஒருவருக்காகத்தான் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் உஷார் பாய்.

கள்ளக்குறிச்சியில் என் செல்போன் கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது. பிளாஸ்டிக் குடம், பக்கெட் விற்கிறார். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை. வாயைத் திறந்தால் "உஷார்" என்பதால் அதுவே பெயராகிவிட்டது. என் மகள் நிலாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அவள் பள்ளிக்குப் போக ரோட்டைக் கடக்கும்போதெல்லாம், கேட்காது என்று தெரிந்தும், "பாப்பா, உஷார்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். அவள் திரும்பாமல் போய்விடுவாள்.

பஸ் ஏறினால் பாய் வேறு ஆள். சட்டைக்கு உள்பக்கம் பை, பையை மூட ஊக்கு, ஊக்குக்குத் துணையாக இன்னொரு ஊக்கு. டிக்கெட் எடுக்க அவர் எல்லாவற்றையும் கழற்றி முடிப்பதற்குள் அடுத்த ஊரான தியாகதுருகமே வந்துவிடும். ஒருமுறை வாழைப்பழம் நீட்டினேன்.

"பஸ்ஸுல யார் குடுத்தாலும் தின்னக்கூடாது தம்பி. மயக்க மருந்து வெச்சிருப்பான்."

"பாய், நான் பக்கத்துக் கடைக்காரன்!"

"பஸ்ஸு ஏறிட்டா நீயும் வெளியாளுதான்."

கரியாலூர் அருவிக்கு நாங்கள் கடைக்காரர்கள் எல்லாம் போனபோது, எங்கள் துணிமணிகளை மடியில் குவித்துக்கொண்டு அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது என்றுகூட அவர் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு குரங்கு வந்து அவருடைய சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பாய்க்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தியா, நான் சொன்னன்ல?"

நிலாவுக்குப் பரிசோதனை முடிந்து தயாராகியிருந்த காது மெஷினை வாங்க, இவரோடுதான் சென்னைக்குப் போனேன். மனைவியின் வளையலை விற்று வாங்கிய மெஷின். போனால் இன்னொன்று வாங்க எங்களிடம் எதுவும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் பாய் மடியில் ஒரு மஞ்சள் பையோடு என் காதில் ஓதிக்கொண்டே வந்தார். பின்னால் இருக்கிறவன் பார்வை சரியில்லையாம். குழந்தையை வைத்திருக்கும் அம்மாவின் கைப்பை சந்தேகமாம். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நானும் ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். பயந்த களைப்பில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

உளுந்தூர்பேட்டையில் இறங்கி, இடித்துப் பிடித்து அடுத்த பஸ்ஸில் ஏறினோம். உட்கார்ந்ததும் மெஷின் வைத்திருந்த என் பைக்குள் கையை விட்டேன். கை அடிப்பக்கமாக வெளியே வந்தது. எவனோ பிளேடு போட்டிருக்கிறான். உள்ளே வைத்திருந்த துண்டைக் காணோம். மெஷின் டப்பாவைக் காணோம். வீட்டு வாசலில் நிற்கப்போகும் நிலாவின் முகம்தான் கண்ணில் வந்தது.

"ஐயோ, மெஷின் போச்சு!" என்று அலறிவிட்டேன்.

"கத்தாதப்பா" என்றார் பாய். "மெஷின நான்தான் உஷார் பண்ணேன்."

எங்கள் பக்கத்தில் உஷாராக இருப்பது வேறு, உஷார் பண்ணுவது வேறு. முதலாவது ஜாக்கிரதை, இரண்டாவது அடுத்தவன் பொருளைக் கிளப்பிக்கொண்டு போவது. வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லையே சொன்ன மனிதருக்கு இது மட்டும் தெரியவில்லை.

முன் சீட்டு ஆள் எழுந்து அவர் சட்டையைப் பிடித்தான். "யோவ் பெருசு, கூடவே குந்திக்கினு ஆட்டைய போட்டியா? அவன் இன்னாமா அழுதுக்கினு இருக்கான்!"

இன்னும் இரண்டு கைகள் வந்தன. ஒரு கை பாயின் முதுகில் விழுந்தேவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மடியில் இருந்த மஞ்சள் பையை மட்டும் விடவில்லை.

"வுடுங்க, வுடுங்க! அவரு எங்க பாயி!" என்று நடுவில் பாய்ந்தேன்.

பாய் மஞ்சள் பையைத் திறந்தார். சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். சென்னையில் வாங்கிய கருவாட்டுக்கு அடியில், பாலித்தீன் கவரில், டப்பா பத்திரமாக இருந்தது.

"நீ தூங்குறப்ப எடுத்து வெச்சேன். கருவாட்டுப் பையில எவன் கைய வுடுவான்?"

"எங்கிட்ட சொல்லக் கூடாதா பாய்?"

"சொன்னா நீ என் பையையே பாத்துக்கினு வருவ. திருடனுக்கு அது போதும்."

கள்ளக்குறிச்சி வரும்வரை அவர் அதற்கப்புறம் ஒருவரைக்கூடச் சந்தேகப்படவில்லை. திருடனுக்குப் பயந்தே காலம் தள்ளியவரைத் திருடன் என்றுவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் கருவாட்டு வாசனையோடு நிலா மெஷினை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். ரோட்டோரம் போய் நின்றாள்.

"பாப்பா, உஷார்!"

நிலா சட்டென்று திரும்பினாள். "ஏன் பாய் கத்துறீங்க?"

பாய் கடைக்குள் திரும்பினார். ஒரு பக்கெட்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் மெதுவாகத்தான் சொல்கிறார். அந்தக் குரல் கேட்காத காலைகளில் எனக்குத்தான் ரோட்டைக் கடக்கப் பயமாக இருக்கிறது.