பல்ஸ் சிஸ்டர் டாக்டருக்கு அப்ளிகேஷன் போட்ட கதை

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பல்ஸ் சிஸ்டர் நாடி பிடித்துப் பார்க்காத ஆளே கிடையாது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினால் டிக்கெட்டை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடிப்பார். “தொண்ணூத்தாறு. டீயக் கொறைங்கண்ணே.” அது முடியும்வரை பின்னால் யாருக்கும் டிக்கெட் கிடையாது.

திண்டிவனத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. வரவேற்பு மேசையில் நான், வார்டில் அவர். பி.எஸ்சி. நர்சிங், பத்து வருட அனுபவம். முப்பத்திரண்டாவது வயதில் ஒருநாள் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

“சார், வெளிநாட்டுல நர்சிங் டிகிரி இருந்தா டாக்டர் படிப்புக்குத் தனி வழி இருக்காம். என் ஃப்ரெண்டு அங்க படிச்சிக்கினு இருக்கா. நம்ம ஊர்ல அதுக்கு எங்க அப்ளை பண்றது?”

தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. “விசாரிக்கலாம் சிஸ்டர்” என்றேன். விசாரித்தோம். பாதிப் படிப்பு படித்தால் போதும் என்றார் ஒருவர். வயது தாண்டிவிட்டது என்றார் இன்னொருவர். கடைசியில் சிஸ்டரே ஏதோ ஓர் உதவி மையத்துக்குப் போன் போட்டார்.

“டிகிரி முடிச்சவங்களுக்குத் தனி வாசல் எது சார்?”

“வாசல் ஒண்ணுதாம்மா. பிளஸ் டூ மார்க் ஷீட்டு, நுழைவுத் தேர்வு. வயசுக்குத் தடை இல்ல.”

“பத்து வருஷம் வார்டுல இருந்தேனே, அது?”

“அத எழுத அப்ளிகேஷன்ல கட்டம் இல்லம்மா.”

அன்றிலிருந்து வார்டில் இயற்பியல் புகுந்தது. டிரிப் பாட்டிலை மாட்டிவிட்டு சிஸ்டர் சூத்திரம் முணுமுணுக்க, மந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டார் ஒரு நோயாளி. சாய்தளத்தில் உருளும் உருளைதான் அவருக்குப் பிடிபடவே இல்லை. “அத யாரு சார் மேல கொண்டு போய் வெச்சது?”

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் மல்லாட்டை எனும் வேர்க்கடலை போடும் அவர் அப்பாவுக்கு அதைவிடக் குழப்பம். மகளைப் பார்க்க வந்தவர் கேட்டார்: “ஊசிதான் போட்டுக்கினு இருக்கியே, அப்புறம் இன்னா படிப்பு?”

“போடறேன்பா. எந்த ஊசின்னு முடிவு பண்றது வேற ஆளு.”

அப்பா கொண்டுவந்த மல்லாட்டைப் பையை என் மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

தேர்வுக்குத் துணையாக நானும் போனேன். வாசலில் காவலர் கத்தினார்: “பசங்க மட்டும் உள்ள! அம்மாங்கல்லாம் மரத்தாண்ட போங்க!” சிஸ்டரும் குழம்பிப்போய் மரத்தடிக்கு நடந்தார். ஓர் அம்மா பிஸ்கட் கொடுத்து, “உங்க பொண்ணு உள்ள பூட்டாளா?” என்றார்.

“நான்தாங்க பொண்ணு” என்றார் சிஸ்டர்.

“சிஸ்டர், ஜல்தி! கேட்டு மூடறாங்க!” என்று அலறினேன்.

உள்ளே கைக்கடிகாரத்துக்கு அனுமதி இல்லை. சுவர்க் கடிகாரமோ நின்றிருந்தது. நம் ஆள் அசருவாரா? கேள்விக்குக் கேள்வி கழுத்தில் விரல் வைத்துத் தன் நாடியையே எண்ணி நேரம் கணக்கிட்டார். பயத்தில் அது தறிகெட்டு ஓடியதை மறந்துவிட்டார். நேரம் முடியப்போகிறது என்று விடைத்தாளின் மிச்ச வட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கருப்பாக்கி நிமிர்ந்தால், “இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி” என்கிறார் கண்காணிப்பாளர். கருப்பாக்கியதை அழிக்கவா முடியும்?

“எனக்கு இன்னா ஆச்சின்னே புரியல சார்” என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதார். அதன் பிறகு ஒரு வாரம் யார் கையையும் தொடவில்லை. கண்டக்டரே பொறுக்காமல் கையை நீட்டி, “பாரும்மா, பேஜாரா இருக்குது” என்றாராம்.

அடுத்த ஆண்டு மறுபடி எழுதினார். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. சேர்க்கை ஆணையை என்னிடம் நீட்டி, “என் பேருதானா, சத்தமாப் படிங்க சார்” என்றார். மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை வார்டுவரைக்கும் கேட்டது.

வேலையை விடுவதற்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று தெரியாமல், ஐந்தரை வருடத்துக்கு லீவு லெட்டர் எழுதிவிட்டார். எங்கள் பெரிய டாக்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றும் சிரிக்கவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு, ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சிஸ்டர் இப்போது மூன்றாம் ஆண்டு. மாதம் பிறந்தால் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரைப் புதிதாக எழுதி, எதிரே ‘விடுப்பு’ என்று குறிக்கிறேன். எடுத்துவிடு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் எனக்குக் காது கேட்காது.