களி உருண்டையில் சிக்கிய காதல்

எனக்குப் பொய் நன்றாகவே வரும். அன்று வாய்தான் திறக்கவில்லை.

அப்போது நான் பிளஸ் டூ. அப்பாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி காவ்யா. அவர்களுக்கு ரோஜாத் தோட்டம், டிராக்டர், வீட்டுக்குள் கன்னடம், பெரிய மீசையோடு ஓர் அப்பா. எங்களுக்கு ஒரு மொபெட் (அதுவும் தள்ளினால்தான் கிளம்பும்). இரண்டு மொட்டை மாடியும் ஒட்டியிருந்ததால், துணி காயப்போடும் சாக்கில் பேசிக்கொள்வோம். காய்ந்த சட்டையையே மறுபடி நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன்!

யுகாதிக்கு மறுநாள் அவர்கள் வீட்டில் கறி விருந்து. என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் போவதுபோல், அதே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் அவள் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

தட்டில் கிரிக்கெட் பந்து அளவுக்குக் கேழ்வரகுக் களி விழுந்தது. எங்கள் வீட்டில் சோறு, இட்லிதான். களியைக் கண்ணால் பார்த்ததே அன்றுதான். பெரிதாகப் பிய்த்து வாயில் போட்டு, மாங்கு மாங்கென்று மென்றேன். அது பல்லில் ஒட்டி, மேல்வாயில் ஒட்டி, நாக்கையும் பிடித்துக்கொண்டது.

சமையலறை வாசலில் நின்ற காவ்யா, தொண்டையில் விரல் வைத்துக் கீழே இழுத்துக் காட்டினாள். ‘மெல்லாதே, முழுங்கு’ என்கிறாளாம். நானோ, கழுத்தை அறுக்கப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டு இன்னும் வேகமாக மென்றேன்.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா கேட்டார்: “ஏம்ப்பா, தெனம் மாடிக்குப் போறியே, துணி காயப்போடவா, இல்ல எங்க காவ்யாவப் பாக்கவா?”

‘துணிதான் அங்கிள்’ என்று சொல்லத்தான் நினைத்தேன். “ம்ம்ம்” என்றுதான் வந்தது. மூச்சைப் பிடித்து முழு பலத்தோடு விழுங்கினேன். களி இறங்க இறங்க, தலையும் கூடவே மேலும் கீழும் ஆடித் தொலைத்தது.

“அடப்பாவி! தலைய வேற ஆட்டறியா?”

உள்ளே கரண்டி விழுந்த சத்தம். என் கண்ணில் தண்ணீர். அவர் என்னைப் பார்த்தார், மீசை துடித்தது. “தண்ணி குடும்மா, செத்துகித்துத் தொலையப் போறான். மத்தது பொறவு பேசிக்கலாம்.”

மாடிக் கதவுக்கு அன்றே பூட்டு விழுந்தது. ‘மத்தது’ பேசுவதற்குள் எங்கள் படிப்பு, வேலை, இரண்டு வீட்டு அழுகை, சண்டை எல்லாம் முடிய வேண்டியிருந்தது.

இப்போது அவர் என் மாமனார். வீட்டில் யாராவது எதையாவது மறைத்தால் அதட்டவே மாட்டார். சமையலறைப் பக்கம் திரும்பி, “மாப்ளைக்குப் போட்ட மாதிரி ஒரு உருண்டை போடும்மா” என்பார்.

தட்டு வருவதற்குள் உண்மை வந்துவிடும்.