சைலன்சர் கடித்துப் பார்த்த கார்கள்

சத்தமில்லாத காரைத் தேடிப்பிடிக்க, காது கேட்காத மனிதரைக் கூட்டிக்கொண்டு போகிற ஊர் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும். அது எங்கள் கள்ளக்குறிச்சி. அப்படிக் கூட்டிக்கொண்டு போன முட்டாள்களில் அடியேனும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. சைலன்சர், அவ்வளவுதான். ரேஷன் கார்டிலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுகிற திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் தென்னை மரத்தில் புனல் ஸ்பீக்கரைக் கட்டி ஊரையே அலற விட்டவர். ஊரை அலற விட்டவர் கொஞ்சம் தள்ளியாவது உட்கார்ந்தாரா? அந்த ஸ்பீக்கருக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். ரெண்டு காதும் அவுட். இப்பேர்ப்பட்ட புத்திசாலியிடம்தான் எங்கள் ஊர் ஆலோசனை கேட்கிறது.

இவர் எப்படிக் கார் நிபுணர் ஆனார் என்பது தனி அநியாயம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் பழைய கார் பார்க்கப் போனபோது, ஓசிச் சவாரி கிடைக்கிறதே என்று இவரும் தொற்றிக்கொண்டார். பாதி வழியில், “பின்னாடி வலது சக்கரத்துல பேரிங் பூட்சிடா!” என்று கத்தியிருக்கிறார். கழற்றிப் பார்த்தால், போயிருந்தது. ஒரே ஒரு தடவை! நம் ஜனங்களுக்கு அது போதாதா? மறுநாளிலிருந்து கார் வாங்குகிறவனெல்லாம் எலுமிச்சம்பழத்தோடு சைலன்சரையும் ஏற்றிக்கொண்டுதான் புறப்பட்டான்.

அவர் கார் பார்க்கிற அழகைச் சொல்ல வேண்டும். பானட்டைத் திறக்க மாட்டார். டயரை உதைக்க மாட்டார். பின்சீட்டில் இடது ஓரமாக ஏறி, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் காலைத் தரையில் அழுத்தி வைப்பார். பின்மண்டையைக் கண்ணாடியில் சாய்ப்பார். அப்புறம் முன்சீட்டின் தலையணைக்குக் கீழே இரண்டு கம்பி இருக்கிறதே, அதில் ஒன்றைப் பல்லால் கடித்துக்கொள்வார். வண்டி நின்றபிறகுதான் வாயை எடுப்பார். கரும்பு கடிக்கிற மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், காரைக் கடிக்கிற ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

இவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் மனைவி செல்வி. அவள் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் நர்ஸ். எனக்குக் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பதினேழு வருஷமாக தினமும் மலை பஸ்ஸில் ஏறி இறங்கியதில் அவள் இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. “குலுங்கற சவாரி ஆகவே ஆகாதும்மா. ஒண்ணு போற வண்டிய மாத்துங்க, இல்ல வேலைய மாத்துங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“வேலைய வுட்டுட்டு வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது?” என்றாள் செல்வி. “மலை மேல ரெண்டு புள்ளத்தாச்சிங்களுக்கு இந்த மாசம் பிரசவம். நான் வந்தாத்தான் ஊசியே போட்டுக்குவேங்குதுங்க.” ஆனாலும் விருப்ப ஓய்வுக் கடிதத்தை என் கடையிலேயே ஒரு பிரதி எடுத்து, தேதி போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்தத் தேதியை அவள் எழுதுவதற்குள் குலுங்காத கார் ஒன்று வாங்கியாக வேண்டும். எனக்கிருந்த ஒரே அவசரம் அதுதான்.

“சைலன்சரக் கூட்டினு போங்க” என்றாள்.

“அந்தச் செவிட்டு ஆளையா?”

“காது போனா இன்னா? மனுஷன் இல்லையா? கூட்டினு போங்க.”

முதலில் புது கார் ஷோரூம். டை கட்டிய விற்பனையாளர் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, சைலன்சரைப் பெரிய எஸ்டேட் முதலாளி என்று நினைத்து ஜூஸ் கொடுத்தார். ஜூஸைக் குடித்துவிட்டு இவர் பின்சீட்டில் ஏறினார். ஐந்து நிமிஷத்தில் அந்த விற்பனையாளர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினார்: “சார், புது வண்டி சார்! கடிக்கிறாரு சார்!” சைலன்சர் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி, மைக் இல்லாமலேயே நாலு தெருவுக்குக் கேட்கிற குரலில், “பளபளப்பு ஜாஸ்தி, பஞ்சு கம்மி!” என்று தீர்ப்புச் சொன்னார். கம்பியில் பல் பதிந்திருந்தது. அந்த ஷோரூம் வாசலை நான் இன்றுவரை தலைகுனிந்தே கடக்கிறேன்.

பிறகு சேலம் ரோட்டில் பழைய கார் விற்கிற கன்சல்டிங் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். நல்ல பைபாஸ் ரோடு இருக்கும்போது மனிதர் அதில் வரமாட்டார். “சர்க்கரை ஆலைப் பக்கம் வுடு, ஜெராக்ஸு” என்பார். எனக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அதை அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கரும்பு ஏற்றின டிராக்டர்கள் மழையில் போய்ப் போய் விழுந்து காய்ந்த பள்ளங்களில் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, அவர் கம்பியைக் கடித்துக்கொண்டு வருவார். ஒரு கார் தும்முகிறதாம். ஒரு கார் கோணல் நடை நடக்கிறதாம். இன்னொன்று நல்ல வண்டிதானாம், ஆனால் “வளைவுல திரும்பறப்ப மனசுல இன்னாவோ வெச்சிக்கினு இருக்குது” என்றார். காருக்கு மனசாம்! எதிர்த்துப் பேசவும் வழியில்லை. நம் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார், பிடிக்காத பேச்சென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அத்தோடு நம் வாதம் முடிந்தது.

இப்படி ஏழு கார் கழிந்தது. செல்வியோ காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். ஒருநாள் அவள் கைப்பையை எடுத்தேன். கடிதத்தில் தேதி எழுதியிருந்தாள், அடுத்த திங்கட்கிழமை.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! கடித்தது போதும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். காது உள்ளவன் அல்லவா நான்! வெள்ளி நிறத்தில் ஒரு கார் பார்த்தேன். கதவைச் சாத்தினால் வெளியே பஸ் அடிக்கிற ஹாரன்கூட உள்ளே வரவில்லை. இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு ரவுண்டு மலைக்குப் போய்வருகிறேன் என்று கன்சல்டிங்காரரிடம் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை செல்வியை முன்சீட்டில் உட்காரவைத்தேன். பின்கதவைத் திறந்துகொண்டு, கூப்பிடாமலேயே ஏறிக்கொண்டார் சைலன்சர். கையில் செருப்பு.

கச்சிராயபாளையம் தாண்டுகிற வரைக்கும் ராஜ சவாரி. கோமுகி அணை தெரிந்தபோது கண்ணாடியில் அவரைப் பார்த்து, “எப்படி அண்ணே?” என்று வாயசைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மலை ஏற ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் செல்வி கதவுப் பிடியைப் பிடித்தாள். மூன்றாவது வளைவில் லேசாக முனகினாள். சத்தமே இல்லாத கார் ஆயிற்றே, நன்றாகவே கேட்டது. கேட்டும் நான் நிறுத்தவில்லை. பழகப் பழகச் சரியாகிவிடும், இன்னும் நாலு வளைவு ஏறிவிட்டால் இந்தக் காரையே முடித்துவிடலாம் என்று அழுத்திக்கொண்டே போனேன். அடுத்த வளைவில் மறுபடியும் முனகினாள்.

“நிறுத்துடா ஜெராக்ஸு!”

மலையே அதிர்ந்தது. பயந்துபோய் பிரேக்கை மிதித்தேன். சைலன்சர் இறங்கி ஓடிவந்து முன்கதவைத் திறந்தார். செல்வியின் முகம் வெளுத்துப் போயிருந்தது, உதட்டைக் கடித்திருந்தாள். இருவருமாகத் தாங்கி இறக்கி, மதகுச் சுவரில் படுக்கவைத்தோம்.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நர்ஸம்மா சீட்டு முதுகுல கை வெச்சிக்கினுதானே வந்தேன்? ஒவ்வொரு குலுக்கலுக்கும் உடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. ஏன்டா, முதுகுக்கு வண்டி பாக்கறியா, உன் காதுக்கு வண்டி பாக்கறியா?”

அவர் திட்டினது வலிக்கவில்லை. எனக்குக் கேட்டதே, கேட்டும் ஓட்டினேனே, அதுதான் நெஞ்சில் அடித்தது.

படுத்தபடியே செல்வி சொன்னாள்: “இனிமேலாச்சும் சைலன்சர ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க ரெண்டு பேரும் வண்டி பாக்கக் கிளம்பறதுக்கு முன்னாடி, மூணு நாளு பஸ்ல என் சீட்டுக்குப் பின்சீட்ல குந்திக்கினு வெள்ளிமலை வரைக்கும் வந்தாருங்க. கம்பியப் புடிச்சிக்கினு, எந்த வளைவுல நான் துடிக்கிறேன்னு பாத்துக்கினு. நீங்க கத்துவீங்கன்னு நான்தான் சொல்லல.”

மறுநாள் திங்கட்கிழமை. கடிதத்துக்கு எழுதிய தேதி. காலையிலேயே சைலன்சர் என் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை எல்லாம் விரட்டிவிட்டு, ஷட்டரை அவரே இறக்கினார். கச்சிராயபாளையத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றிருந்த காரைக் காட்டினார். சாணிப்பச்சை நிறம். என் மூத்த மகளைவிட வயது ஜாஸ்தி. ஸ்டார்ட் செய்தால் கதவு பேசியது, கண்ணாடி பேசியது, டேஷ்போர்டு ஓயாமல் புலம்பியது. இதைப்போய் எவனாவது வாங்குவானா? என் வாயைப் பார்த்தார், நான் வாயைத் திறக்கவில்லை.

செல்வியை ஏற்றிக்கொண்டு அன்றே மலை ஏறினோம். ஆலைப் பள்ளத்தை எல்லாம் அந்தக் கிழட்டு வண்டி ஆற அமர விழுங்கிக்கொண்டு போகிற மாதிரி போனது. நாலாவது வளைவில் திரும்பிப் பார்த்தேன். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் செல்வி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால், அவள் சீட்டு முதுகில் கையை வைத்தபடி சைலன்சர். வெள்ளிமலையில் இறங்கியதும் அவள் கைப்பையைத் திறந்து கடிதத்தைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு, ஊசி போடப் போய்விட்டாள்.

அந்தக் கார்தான் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த ஆளும் மாறவில்லை. போன வாரம் ஒரு வாத்தியாரின் புது வண்டிக் கம்பியை இவர் கடித்துவைக்க, வாத்தியார் போலீஸுக்குப் போகிறேன் என்று குதித்தாராம். குதிக்கத்தான் வேண்டும், இந்த மாதிரி ஆளை ஏற்றினால் வேறென்ன நடக்கும்?

தினமும் காலையில் செல்வியை மலைக்குக் கூட்டிப்போகும்போது, முக்கு டீக்கடை பெஞ்சில் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வண்டியை மெதுவாக்கி, நீளமாக ஒரு ஹாரன் அடிப்பேன்.

“அவருக்குத்தான் கேக்காதேங்க. தெனம் எதுக்கு அடிக்கிறீங்க?” என்பாள் செல்வி.

“ஹாரன் வேலை செய்யுதான்னு பாக்கறேன்” என்பேன்.