ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு வயர்

அரைவாசிக் கோர்ஸ் முடித்தவனிடம் கொம்பியூட்டரைக்கூட நம்பிக் கொடுக்கலாம். வயரை மட்டும் கொடுக்கவே கூடாது. நான் அப்போது அரைவாசிதான் முடித்திருந்தேன்.

சுனாமி வந்து போய், சண்டை இன்னும் முடியாத காலம். ஆரையம்பதிக் கரையில் இருந்த எங்கள் வீடு கடலோடு போனது. அம்மாவும் போய்விட்டார். அக்காவின் கலியாண அல்பமும் போனது. அம்மாவின் முகம் மிஞ்சியிருந்த ஒரே இடம் என் பழைய கொம்பியூட்டர். லண்டன் சித்தப்பா கலியாணப் படங்களை அதில் இறக்கிவிட்டு, கமராவைத் துடைத்து வெறுமையாக்கிக்கொண்டு விமானம் ஏறியிருந்தார். கடல் வந்த அன்று கொம்பியூட்டர் திருத்துகிற கடையில் கிடந்ததால் தப்பியது. (அது பழுதானதற்காக நான் சந்தோசப்பட்டது அந்த ஒரு தடவைதான்.)

ஆனால் திருத்தி வந்த கொஞ்ச நாளில் அதுவும் சாகக் கிடந்தது. நிறுத்தினால் மறுபடி எழும்பாது. அசைத்தால் நின்றுவிடும். சீடி எழுதாது, பென் டிரைவ் செருகும் ஓட்டையும் செத்துவிட்டது.

"அம்மாட படத்த எங்கயாவது பத்திரமா மாத்துடா" என்று அக்கா தினமும் சொல்வாள்.

நாங்கள் வாடகைக்கு வந்த வீடு காத்தான்குடி எல்லையில். வாசலில் ஓடுகிற குறுகலான மண் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் என்னோடு கோர்ஸ் படித்த நியாஸின் வீடு. அவனுக்கு அவனுடைய நானா, மூத்த அண்ணன், கட்டாரிலிருந்து புதுக் கொம்பியூட்டர் அனுப்பியிருந்தார். அந்த வாரம்தான் கோர்ஸில் இரண்டு கொம்பியூட்டர்களை ஒரே வயரால் நேராக இணைப்பது எப்படி என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு முனையில் சில கம்பிகளை இடம் மாற்றிப் பூட்டினால் போதுமாம், படங்கள் பறந்து போகுமாம். கறுப்பு வயர் ஒன்று வாங்கி எங்கள் யன்னலிலிருந்து அவன் யன்னலுக்கு இழுத்தேன். மேலே கட்டினால் லொறி இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒழுங்கை மண்ணைக் கிளறி, வயரைப் புதைத்து, மேலே மட்டமாகத் தடவியும் விட்டேன்.

(எங்கள் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த நாளில் மண்ணுக்குள் வயர் போனால் அதன் நுனியில் கண்ணிவெடி இருக்கும். படம் அனுப்ப வயர் புதைத்த மடையன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்.)

"மச்சான், வருதுடா! உங்கட அம்மா!" என்று நியாஸ் யன்னலால் கத்தினான். நான் பெருமையோடு ஒழுங்கையில் நின்றேன். அந்த நேரம் பார்த்து ரோந்து வந்த ஆமிக்காரர் ஒருவரின் சப்பாத்தில் வயர் தட்டுப்பட்டது.

விசில் ஊதினார்கள். ஒழுங்கைச் சனம் முழுவதையும் வெளியே எடுத்து மண்ணில் குந்த வைத்தார்கள். இரண்டு பேர் எங்கள் வீட்டுக்குள் ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார்கள். உள்ளே கொம்பியூட்டரின் ஃபேன் ஓய்கிற சத்தம் கேட்டது. என் பிடரியில் துவக்கு இருந்தது. ஆனாலும் அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உயிர் போனது.

"மே மொகத?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார் ரோந்து அதிகாரி. பிறகு தமிழில், "இதுக்குள்ள என்னா போறது?"

"படம், சேர்."

"வயருக்குள்ள படம்?"

"ஓம் சேர். நல்ல வேகமாப் போகும்."

(வேகத்தைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.)

அக்கா கும்பிட்டபடி எழும்பினாள். "சேர், இவனுக்கு மூளை இல்ல சேர்! சின்னனில இருந்தே இப்பிடித்தான். இவங்களக் கேட்டுப் பாருங்க!"

குந்தியிருந்த ஒழுங்கை முழுவதும், தமிழர் முஸ்லிம் என்ற பேதமில்லாமல், ஓமென்று தலையாட்டியது.

அதிகாரி என்னைத் தள்ளிக்கொண்டு வயர் வழியே நியாஸ் வீட்டுக்குப் போனார். அங்கே கரண்ட் இருந்தது. கடைசியாக வந்த படம் திரையில் நின்றது. சமையல் பந்தல். அம்மாவின் ஒரு கையில் அகப்பை, மறு கையில் என் காது. மாப்பிள்ளை வீட்டார் வருமுன்பே நான் வடையில் கை வைத்ததற்கான தண்டனை. என் வாய் நிறைய வடை.

"அம்மா?"

"ஓம் சேர்."

"இப்ப எங்க?"

"கடல்..." கிழக்கே கையைக் காட்டினேன்.

அவர் படத்தையும் என் காதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் மற்றக் காதைப் பலமாகத் திருகிவிட்டு வெளியே போனார்.

மெயின் சுவிட்சைப் போட்டோம். கொம்பியூட்டர் எழும்பவில்லை. பிறகு எந்தக் கடையிலும் எழும்பவில்லை; படங்கள் கிடந்த டிஸ்க்கும் செத்துவிட்டது என்றார்கள். நியாஸிடம் வந்து சேர்ந்திருந்தவை சித்தப்பா கமராவைச் சரிபார்க்க எடுத்தவை மட்டும்: அடுப்பு, கிடாரம், ஒரு நாய், பிறகு அந்தப் படம். மணவறையில் அக்கா இல்லை. தாலி கட்டுகையில் அழுத அம்மா இல்லை. அக்கா என்னை ஏசவில்லை. நியாஸ் வீட்டுக் கதிரையில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் படத்தையே பெரிதாக்கிக் கண்ணாடி போட்டோம். ஸ்டூடியோக்காரர் என்னை வெட்டிவிடலாம் என்றார். என்னை வெட்டினால் காதைப் பிடித்த கையும் போகும். "அம்மாட கைய வெட்ட விடமாட்டன்" என்றாள் அக்கா. ஆகவே ஒவ்வொரு திவசத்துக்கும் ஒரே மாலை எங்கள் இருவருக்கும் விழுகிறது. என் நெற்றியிலும் சந்தனம் வைக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். "தாயும் மகனும் ஒண்டாவா போன?"

"தாய் கடலால போன" என்பாள் அக்கா, சிரிக்காமல். "மகன் வயரால."

அந்த நேரம் பார்த்துத்தான் நான் தேத்தண்ணித் தட்டோடு வெளியே வருவேன்.