காற்று கெடுத்த படங்கள்

“மறுபடியும் போச்சு!” என்று கேமராவைத் தாழ்த்தினார் புகைப்படக்காரர்.

பூங்காவில் மரங்களுக்கு நடுவே மாலை வெயில் இதமாக இறங்கிக்கொண்டிருந்தது. அது எதிரே நின்ற பெண்ணின் முகத்தில் சரியாக விழும் நேரம் பார்த்து, காற்று வந்து இடுப்புவரை தொங்கிய கூந்தலை வாரி முன்னால் போட்டது. படத்தில் மூக்கு மட்டுமே மிஞ்சியது.

“வெளிச்சம் போயிடும்மா. நாளைக்கு இதே நேரத்துக்கு வந்துடுங்களேன்?”

“நாளைக்கு ஆகாது. இன்னைக்கே எடுத்தாகணும்,” என்றார் அவள் கணவர். மரத்தடியில், வெயிலில் ஒரு நல்ல படம் வேண்டும் என்று போனில் சொன்னவர் அவர்தான்.

புகைப்படக்காரர் அவளைக் காற்றைப் பார்த்து நிற்கவைத்தார். கூந்தல் பின்னால் போனது. கண்ணில் தூசி விழுந்தது. ஒரு பெரிய மரத்தின் மறைவுக்கு நகர்த்தினார். அங்கே இலைகளின் நிழல் முகமெல்லாம் புள்ளி வைத்தது.

“சிறுத்தை மாதிரி இருக்கேன்ல?” என்று சிரித்தாள் அவள்.

பாட்டில் தண்ணீரைத் தெளித்து முடியைப் படியவைத்தார்.

“மழையில நனைஞ்ச கோழி மாதிரி இருக்கேக்கா,” என்றாள் பெஞ்சில் கைப்பையோடு உட்கார்ந்திருந்த தங்கை.

கணவர் கைக்குட்டையால் கூந்தலை இழை இழையாகத் துடைத்தார். வெயில் மரங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

“இந்த முடிதாம்மா எனக்கு எதிரி. கொண்டை போட்டுடலாமா?” என்றார் புகைப்படக்காரர்.

“வேண்டாம். அப்படியே எடுங்க,” என்றார் கணவர்.

“சார் இன்னும் புது மாப்பிள்ளைதான்!”

கணவர் சிரிக்கவில்லை.

“விடுங்க. பாவம், அவரும் எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவாரு?” என்று அவளே கூந்தலைச் சுருட்டினாள். தங்கையிடம் கிளிப் கேட்டாள். பையைத் திறந்துகூடப் பார்க்காமல், “இல்லை” என்றாள் தங்கை. புகைப்படக்காரர் தன் பையிலிருந்து, ஸ்டுடியோவில் திரை மாட்டும் கிளிப் ஒன்றைத் தேடியெடுத்துக் கொடுத்தார்.

கிளிக்.

மறு நொடி வெயில் மறைந்தது. அவர் பெருமையோடு கேமராவை நீட்டினார்.

“அற்புதம்! பாருங்க, ஒரு முடிகூடத் தெரியலை!”

அவள் வெகுநேரம் பார்த்தாள். “ஓ… இப்படித்தான் இருப்பேன் போல.”

கணவர் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏன், பிடிக்கலையா?”

தங்கைதான் பதில் சொன்னாள்:

“நாளைக்கு அக்காவுக்குப் புற்றுநோய் மருந்து ஏத்தப் போறாங்கண்ணா. முடியெல்லாம் கொட்டிடுமாம், அதுக்கு முன்னாடி அந்த முடியைப் படம் எடுக்கத்தான் உங்களைக் கூப்பிட்டோம்.”