மலையைச் சுற்றிய கிழட்டு விமானம்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
9.8.2004

அன்புள்ள மைத்துனன் புகழேந்திக்கு, மாமா ஆதிமூலம் எழுதுவது.

இங்கு நானும் உன் அக்கா பொன்னியும் நலம். நலம் என்பது வழக்கத்துக்காக எழுதியது. உண்மையில் கொதித்துப் போயிருக்கிறேன்.

கொச்சியில் என் மகள் மணிமொழிக்குப் பிரசவம் நெருங்குகிறது, மாமா முதுகுவலிக்கு ரயிலும் பஸ்ஸும் ஆகாது என்று நீயே முடிவுசெய்து இரண்டு விமான டிக்கெட் எடுத்தாய். மொட்டைமாடிச் சுவரோரம்கூடப் போகாதவன் நான். "ரெண்டே நாள்ல பயம் போயிடும் மாமா" என்று கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் அந்தப் பாழாய்ப்போன விளையாட்டையும் ஏற்றிவிட்டுப் போனாய். ஏற்றியதுதான் ஏற்றினாய், புது விமானமாகப் பார்த்து ஏற்றக்கூடாதா? எனக்கு முன்பே ரிட்டயர் ஆகியிருக்க வேண்டிய கிழட்டு ஜெட். மீனம்பாக்கத்தில் கிளம்பும்போதே அதற்கு மூச்சு வாங்குகிறது.

நேற்றுக் காலை அதில் கொச்சிக்குக் கிளம்பினேன். கொஞ்ச நேரத்தில் கீழே பச்சையாக ஒரு மேடு. மேப்பைப் பார்த்தால் நம்ம மலை! கோபுரம் இல்லை, குளம் இல்லை, வெறும் மேடு. உன் அக்காவுக்கு அது போதாதா? "ஏங்க, அண்ணாமலையாரைப் பாத்துட்டு அப்படியே போவீங்களா? ஒரு சுத்து சுத்திட்டுப் போங்க. மொதல்ல கால்ல இருக்கிற செருப்பைக் கழட்டுங்க." குதிகால் வலிக்காக டாக்டர் வீட்டுக்குள் போடச் சொன்ன செருப்பு அது. கழற்றினேன். மலையை வலப்பக்கம் வைத்துத் திருப்பினேன். சுற்று முடியும்போது பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் வந்து, "நான் பாதியிலதான வந்தேன், எனக்கு இது சேராது, இன்னொரு சுத்து போங்கண்ணா" என்றாள். அது முடிவதற்குள் அவள் மருமகள் வந்தாள், அவளுக்கு ஒரு சுற்று. பிறகு தெருவே வந்தது, வந்தவர்கள் எல்லோரும் பாதியில்தான் வந்தார்கள். எரிபொருள் தீர்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, விமானம் இங்கிலீஷில் திட்டுகிறது, "விடுங்க, நான் எறங்கணும்" என்று நான் கெஞ்சுகிறேன், "பாதியில நிறுத்தக்கூடாதுங்க" என்று உன் அக்கா தோளை அழுத்துகிறாள். ஏழாவது சுற்றில் இரண்டு எஞ்சினும் நின்றுபோய், விமானம் அடி அண்ணாமலைப் பக்கம் விழுந்து வெடித்தது. கன்னியம்மாள் திரையைத் தொட்டு, "ஐயோ, எங்க மல்லாட்டக் கொல்லையாச்சே! நாளைக்குத்தான் புடுங்கறதா இருந்தோம்" என்று கடலைச் செடிக்காக என்னிடம் சண்டைக்கு வந்தாள். அந்த விமானத்தில் இருந்த நான் என்ன ஆனேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பொய் விமானமே என்னைக் கொச்சியில் சேர்க்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது புகழேந்தி, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் டிக்கெட்டைக் கேன்சல் செய். உன் அக்கா மட்டும் போகட்டும். இதைப் பற்றி இனி நீ வாயைத் திறக்காதே.

உன் வீட்டில் உள்ள எல்லோருக்கும் என் ஆசிகள். உனக்கு மட்டும் அடுத்த பௌர்ணமி வரை கிடையாது.

ஆதிமூலம்

பி.கு.: உறையை ஒட்டும்போது மணிமொழி போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவள், கடைசியில், "எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா. நீங்க வந்துடுவீங்க இல்ல?" என்றாள். டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதே. எனக்கு ஜன்னலோர இடமாகக் கேட்டு வாங்கு, மலை வலப்பக்கம் வரவேண்டும். உன் அக்காவை மட்டும் பைலட்டின் காதுக்கு எட்டாத கடைசி வரிசையில் உட்கார வை.