மாப்பிள்ளை வெச்சுக்கொடுத்த சர்வர்

விருத்தாசலம்,
விஜயதசமி கழிந்த மூன்றாம் நாள்.

அன்புள்ள மாப்பிள்ளை பாலகிருஷ்ணன் அவர்களுக்கு,

மாமனார் குருமூர்த்தி எழுதும் கடிதம். பழமலைநாதர் புண்ணியத்தில் இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். வைகாசியில் கல்யாணம் முடிந்த கையோடு எங்கள் பீங்கான் யூனிட்டில் நீங்கள் வைத்துக்கொடுத்த சர்வர் மட்டும் சௌக்கியமில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன். முந்தாநாள் உங்களைக் கொஞ்சம் சத்தம் போட்டதிலிருந்து சண்முகப்ரியா என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள், உங்கள் போனிலும் சேர்த்து. தலைதீபாவளிக்கும் வரமாட்டோம் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அதனால்தான் பெத்த அப்பன் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் நிறுத்தி, துடைத்து, சர்வருக்கும் என் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தேன். மாப்பிள்ளை வைத்த பொருளாச்சே என்று ரெண்டு பொட்டு கூடவே வைத்தேன். மறுநாள் நல்ல நேரம் பாத்து ஆன் பண்ணினா, லைட் எரியுது, ஃபேன் சுத்துது, சர்வர் மட்டும் கிளம்ப மாட்டேங்குது, சிவப்பு எழுத்தா வந்து கொட்டுது. இருபது தடவ அணைச்சு அணைச்சுப் போட்டோம். எலக்ட்ரீசியன் ஜெயராஜ் வந்து பிளக்கை மாத்திட்டு, பிளக்குல கோளாறு இல்லன்னு சொல்லிட்டுப் போனான். சூளைக்குப் போட்ட பூஜை விபூதியைக் கொண்டாந்து பூசினேன், அதுக்கும் அசையல. வெளியில லாரி நிக்குது, உள்ள ஃப்யூஸ் கட்டை பெட்டி பெட்டியா நிக்குது, சர்வர் வாயைத் தொறந்தாதான் கேட் பாஸ் வரும். மொதலாளி, "உங்க மாப்பிள்ளை வெச்சதுதானே, குருமூர்த்தி?"ன்னு மட்டும் கேட்டாரு. நாலு பேரு முன்னாடி எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கம்ப்யூட்டர் பாக்குற பாஞ்சாலை சிவப்பு எழுத்தைப் படிச்சுட்டு, செட்டிங் ஃபைலு ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகல சார்ன்னா. ஏன் மாப்பிள்ளை, ரெண்டே ரெண்டு ஃபைலு, ரெண்டுலயும் ஒரே மாதிரி எழுதறதுக்கு என்ன கஷ்டம்? நாங்க முப்பது வருஷமா சூளை வண்டிக்கு நம்பர் போடறோம், ஒரு நாள் தப்பினதில்ல. ஏழுக்கு அடுத்தது ஒன்பது, எட்டுங்கிற சனியனை உள்ளயே வுடறதில்ல. வேலைன்னா அப்படி ஒரு ஒழுங்கு வேணாமா? உங்களைக் குத்தம் சொல்லணும்னு எழுதலீங்க. குத்தம் உங்களோடதுதான், அதை நான் வேற சொல்லணுமா? ஒரு நடை வந்து சரி பண்ணிட்டு, மொதலாளிகிட்ட தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்.

விருத்தாம்பிகை உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். அத்தை ரொம்ப விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
குருமூர்த்தி, சூப்பர்வைசர்.

பி.கு.: கவரை ஒட்டப் போறப்ப பாஞ்சாலை கூப்பிட்டா. ரெண்டு ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து வெச்சிருந்தா. போர்ட் நம்பராம், சர்வரோட வாசல் மாதிரியாம். ஒன்னுல 8080, இன்னொன்னுல 9090. கடைசியா மாத்தினது ஆயுத பூஜை காலையில பத்து மணின்னு அதுலயே இருக்குது. அந்நேரம் அந்த ரூமுல சந்தனக் கிண்ணத்தோட யாரு இருந்தான்னு அவ கேக்கல, என்னைப் பாத்தா. சர்வரை நிறுத்தறதுக்கு முன்னாடி அந்த ஃபைலு ஸ்கிரீன்ல தொறந்து கெடந்துச்சு, அதுல ரெண்டு எட்டு இருந்துச்சு மாப்பிள்ளை, உங்க நல்லதுக்குன்னுதான் எடுத்துட்டு ஒன்பது போட்டேன். இன்னொரு ஃபைலுலயும் அதே எட்டு இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? பழையபடி எட்டைப் போட்டதும் சர்வர் கிளம்பிடுச்சு, லாரியும் போயிடுச்சு. மொதலாளிகிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். மேல எழுதினதுல நலம் விசாரிச்சதை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. சண்முகப்ரியாகிட்ட அப்பா மன்னிப்பு கேட்டாருன்னு சொல்லுங்க, எதுக்குன்னு சொல்ல வேணாம். தீபாவளிக்கு ரயில்ல எட்டாம் நம்பர் சீட்டுதான் கெடைச்சுதுன்னாலும் பரவால்ல, அதுலயே ஒக்காந்து வந்துடுங்க.